கசிவைத் தேடுவதற்கும் கூலி உண்டு

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் எங்கள் பெருமாட்டிப் பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்களின் காலை ஒரே மாதிரிதான் விடியும். ரேடியேட்டரில் ஒரு குடம் தண்ணீர், எஞ்சினில் அரை லிட்டர் ஆயில், பிறகு சாவியைத் திருப்புவோம். நேற்று ஊற்றியது எங்கே போனது என்று கேட்பதில்லை. "பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம். இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதைத் தவறு என்று சொல்ல வருகிறேன். கசிவு எங்கே என்று தேடுகிற வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

என்னுடையது பழைய டாடா 1613. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், பொள்ளாச்சியில் அரிசி ஏற்றிக்கொண்டு வால்பாறை மலையேறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தெரிகிற இடத்தில், சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டிப் பார்த்தால் ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஊர்ந்து சேர்ந்தேன்.

திரும்பி வந்ததும் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். ரேடியேட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. "ஹெட் கேஸ்கட் போச்சு" என்றார்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் சீவி, புது கேஸ்கட் போட்டார்கள். ஆறு நாள், இருபத்தெட்டாயிரம் ரூபாய். பதினைந்தாவது நாள் மீனாட்சிபுரம் தாண்டுவதற்குள் மறுபடியும் முள் ஏறியது. மூடியைத் திறந்தால் அதே குமிழ்.

அதன்பிறகுதான் எங்கள் ஊரில் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போனேன். அறுபதைத் தாண்டிய மனிதர். "இன்னைக்கு எதையும் கழட்டமாட்டேன் தம்பி. நாளைக்கு விடியக்காலம், எஞ்சின் சில்லுனு இருக்கும்போது வாங்க. பாக்குறதுக்கு ஐநூறு ரூபாய் ஆகும்" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. பார்ப்பதற்குக் காசா?

மறுநாள் அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்து, அடியில் இருக்கும் ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். வெடித்திருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. உள்ளே ஒரு பார் கூடுதல் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை தாங்கும். வால்பாறை 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி பிடிக்காத வண்டியை மலைமேல் ஏற்றினால் கொதிக்காமல் என்ன செய்யும்?

பிறகு சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டினார். அதில் ஒரு அழுத்த மீட்டர். மூடியில் பொறித்திருக்கும் அளவு வரை காற்றை ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு பீடி ஒன்று குடித்தார். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டார்ச் அடித்து ஹோஸ் பைப், கிளிப், ரேடியேட்டர் அடிப்பகுதி, வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பார்த்தார். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து நமக்குச் சேதி சொல்லும். அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேதி சொல்கிற வாயை அடைத்தால் சீக்கிரத்தில் பம்ப்பே உடையும். என் வண்டியில் அந்த ஓட்டை காய்ந்து கிடந்தது.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது. அப்படியானால் தண்ணீர் உள்ளேதான் எங்கோ போகிறது. ஆயில் கேஜை உருவிப் பார்த்தார். பால் கலந்த டீ நிறம் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் பிளக்கை அரைத் திருகு தளர்த்தினார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் கனம் கூடின தண்ணீர்தான் அடியில் தங்கி முதலில் வரும். வந்தது ஆயில் மட்டும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். ஆயில் கூலர் ஓட்டையானால், எஞ்சின் ஓடும்போது தண்ணீரைவிட ஆயிலுக்கு அழுத்தம் அதிகம் என்பதால், ஆயில் தண்ணீருக்குள் வரும். அதுவும் இல்லை.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டார். குமிழ் வந்தது. "மீட்டரைப் பாருங்க தம்பி" என்றார். சூட்டு மீட்டரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் காட்டியது பிரேக் காற்று மீட்டரை. காற்று ஏற ஏறக் குமிழ் கூடியது. டேங்க் நிறைந்து புஸ்ஸென்று காற்று வெளியே விட்டதும் குமிழ் அடங்கியது. மறுபடி பிரேக்கை நாலு முறை மிதித்துக் காற்றைக் குறைக்கச் சொன்னார். குமிழ் திரும்ப வந்தது. கம்ப்ரஸரிலிருந்து காற்று டேங்குக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டினார். ஒரு குமிழ்கூட இல்லை.

ஏர் பிரேக் வண்டிகள் பலவற்றில் கம்ப்ரஸர் தலையும் எஞ்சின் தண்ணீரில்தான் குளிர்கிறது. அதன் பேக்கிங் கிழிந்தால் பிரேக்குக்குப் போக வேண்டிய காற்று தண்ணீருக்குள் நுழையும். அந்தக் காற்று தண்ணீரை மூடி வழியாக வெளியே தள்ளும். எஞ்சின் ஹெட் கேஸ்கட் போனது போலவே தெரியும். கம்ப்ரஸர் பேக்கிங், புது மூடி, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம்கூட ஆகவில்லை. நல்ல நிலையில் இருந்த ஹெட்டைத்தான் இருபத்தெட்டாயிரம் கொடுத்துக் கழற்ற வைத்திருந்தேன்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். குமிழைப் பார்த்தார், வழக்கமான காரணத்தைச் சொன்னார். இன்னும் ஒரு மணி நேரம் நின்று பார்க்க அவருக்கு யார் காசு கொடுத்தார்கள்? நான் கொடுக்கவில்லை. நாம் பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம், கழற்றி மாட்டுவதற்குக் கொடுக்கிறோம். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, யோசிக்கிற நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அப்படி இருக்கும்போது, பட்டறைக்காரர் பிழைக்க வேண்டுமானால் எதையாவது கழற்றித்தான் ஆக வேண்டும். தேடுகிற வேலையை இலவசமாக்கியது நாம்தான். அதன் செலவை வேறு பெயரில் பத்து மடங்காகக் கட்டுகிறோம்.

ஆயில் ஒழுக்கிலும் இதே கதை. வண்டிக்கு அடியில் சொட்டு விழும் இடத்தைப் பார்த்து, "பேக் ஆயில் சீல் போச்சு" என்று கியர் பாக்ஸை இறக்குகிறார்கள். ஆனால் சொட்டு விழுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே டேப்பட் கவரில் கசிந்த ஆயில், எஞ்சின் உடம்போடு வழிந்து, ஃபேன் காற்றில் பின்னால் போய், கடைசி முனையில் சொட்டும். எங்கள் மேஸ்திரி முதலில் டீசல் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைப்பார். பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வார். வெள்ளைப் பவுடரில் கருப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாய். ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து வைத்தால், காலையில் அது ஒரு வரைபடம். கருப்பு என்றால் எஞ்சின் ஆயில். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில்.

சீலை மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும் என்பதும் அவரிடம் கற்றதுதான். எஞ்சின் அடிப்பகுதியின் காற்று வெளியேறுகிற குழாய் அது. அழுக்கு அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலை எல்லாச் சீல் வழியாகவும் வெளியே தள்ளும். புதுச் சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் ஒழுகும். பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதென்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் குறைவதற்குப் பதில் கூடினால் அதைவிட ஆபத்து. அதில் டீசலோ தண்ணீரோ கலக்கிறது, வண்டியை நகர்த்தக்கூடாது.

இதையெல்லாம் பெருமாட்டியில் இருந்துகொண்டு சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் கேரளத்தின் மழை மறைவுப் பகுதி. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். பானையில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்து, சூடு வெளியேறாமல் தடுக்கிறது. தினமும் ஒரு குடம் ஊற்றுகிறவர் தினமும் ஒரு பிடி உப்பையும் சேர்த்து ஊற்றுகிறார். கசிவைச் சரி செய்தால்தான் நல்ல தண்ணீரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றி, அது நிலைத்து நிற்கும். அந்தக் கூலண்ட்டும் தரையில் சொட்டக்கூடாது. அது இனிப்பான விஷம். நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும்.

கண்டு சொல்கிறவரை மதிக்காததற்கு எங்கள் ஊரிலேயே இன்னொரு கதை உண்டு. பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்துக்குள் இருக்கும் ஊர். 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்பதை முதலில் கண்டவர்கள், தினமும் குடத்தோடும் சோற்றுப் பானையோடும் பழகிய ஆதிவாசிப் பெண்கள். மயிலம்மா அவர்களில் ஒருவர். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. 2003-ல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் கணக்கிட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய். கண்டு சொன்னவர்களின் பேச்சுக்கு அன்றைக்கே மதிப்பு கொடுத்திருந்தால் இந்தத் தொகை இவ்வளவு வளர்ந்திருக்காது. நின்று பார்க்கிறவருக்கு மதிப்பில்லை என்றால் என்ன விலை ஆகும் என்பதை எங்கள் ஊர் ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

தண்ணீருக்காக இவ்வளவு பாடுபட்ட மண்ணில், நம் வண்டிகளே ஆயிலைச் சொட்டிக்கொண்டு நிற்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிப்பவர்களே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஆனால் சம்ப்பிலிருந்து சாலையில் சொட்டுவதை எந்த விதியாலும் சேகரிக்க முடியாது. அதை நிறுத்த ஒரே வழி, எங்கே சொட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. எட்டு வருடம் கடந்த லாரிகள் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகின்றன. அதற்கு முதல் நாள் அடிப்பாகத்தைக் கழுவி, சம்ப்புக்குப் பெயிண்ட் அடித்து எடுத்துப் போகிறோம். ஒழுக்கைத் தேடுவதற்குக் கழுவ வேண்டிய எஞ்சினை, ஒழுக்கை மறைப்பதற்குக் கழுவுகிறோம்.

லாரி உரிமையாளர்களிடம் நான் கேட்பது இது. வண்டியைப் பட்டறையில் விடும்போது, "முதலில் பார்த்துச் சொல்லுங்கள், பார்ப்பதற்கு இவ்வளவு கூலி" என்று பேசி முடியுங்கள். வேலையை அவரிடமே கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் காசைக் கொடுங்கள். மேஸ்திரிகளிடம் கேட்பது, கழற்றுவதற்கு முன் கசிவைக் கண்ணால் காட்டுங்கள். அழுத்தம் பார்க்கும் பம்ப் ஒரு டயரின் விலைகூட இல்லை. ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று இருக்கட்டும். அதை வாங்கச் சிறு கடன் கொடுக்க எங்கள் கூட்டுறவு வங்கிகளால் முடியும். ஐ.டி.ஐ.யில் ஒரு வருட டீசல் மெக்கானிக் படிப்பு முடித்து வருகிற பையன்களை இப்படிப்பட்ட மேஸ்திரிகளிடம் ஆறு மாதம் கூலியோடு நிறுத்தினால், அந்தக் கண் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

அன்றைக்கு மேஸ்திரி கேட்ட ஐநூறை நான் பேரம் பேசி முந்நூறாக்கினேன். மூன்று மணி நேரம் அவர் என் வண்டியோடு நின்ற பிறகும் அந்த முந்நூறைத்தான் கொடுத்தேன். போன மாதம் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யப் போனபோது மீதி இருநூறை அவர் கையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். "அன்னைக்குப் பாத்ததுக்குங்க அண்ணா" என்றேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அட்டையை எடுத்து என் வண்டிக்கு அடியில் விரித்தார்.