பிள்ளைகள் வளர்த்த ஆட்டுக்கு இரண்டு விலை

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளை வளர்த்த காளை பல கோடி ரூபாய்க்கு ஏலம் போனது என்ற காணொளி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். செய்தி பொய்யில்லை. 2022ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரக் கால்நடைக் கண்காட்சியில், முதல் பரிசு பெற்ற காயடித்த காளை 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் ஏழரைக் கோடி ரூபாய். இதைப் பார்த்து, ‘அந்த இனத்தை இங்கே கொண்டுவந்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விலையைத் தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் கருத்து.

அந்த ஏலத்தில் ஒரே தொகைக்குள் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று, கறிக்கான சந்தை விலை. மற்றது, பிள்ளையின் உழைப்புக்கு ஊர் சேர்த்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை. ஹூஸ்டன் போன்ற பெரிய கண்காட்சிகளில் ஒரு வரம்பு வரைதான் பணம் பிள்ளைக்குப் போகும். மீதி, மற்ற மாணவர்களின் கல்வி உதவி நிதிக்குச் சேரும். ஆகவே ஏழரைக் கோடி அந்த மாட்டின் விலையே இல்லை.

நாம் பார்க்க வேண்டியது பெரிய நகரக் கண்காட்சியை விட, அங்குள்ள சிறிய மாவட்டச் சந்தைகளைத்தான். ‘ஃபோர்-எச்’, ‘எஃப்.எஃப்.ஏ.’ என்ற இளையோர் அமைப்புகளின் பிள்ளைகள், குறிப்பிட்ட தேதிக்கு முன் குட்டியோ கன்றோ வாங்கித் தங்கள் பொறுப்பில் வளர்க்க வேண்டும். பல இடங்களில் தொடக்கத்திலேயே எடை போட்டுக் காதில் வில்லை மாட்டுகிறார்கள். தீவனம், மருந்து, செலவு எல்லாவற்றையும் பிள்ளையே பதிவேட்டில் எழுத வேண்டும். ஏலத்துக்கு முன், ஊரிலுள்ள கடைக்காரர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும், ‘என் ஆட்டை ஏலம் கேட்க வாருங்கள்’ என்று கடிதம் எழுதுகிறார்கள். ஏலம் முடிந்ததும் வாங்கியவருக்கு நன்றிக் கடிதம்.

வாங்குகிறவருக்கும் வழிகள் உண்டு. கறிக்கு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். உணவு வங்கிக்குத் தானம் செய்யலாம். பல சந்தைகளில் பிராணியை அன்றைய சந்தை விலைக்கே வியாபாரியிடம் விட்டுவிட்டு, மேல்தொகையை மட்டும் தன் கையிலிருந்து கொடுக்கலாம். பண்ணையே இல்லாத மருந்துக்கடைக்காரரும் ஏலம் கேட்பது இதனால்தான்.

இதில் குறைகளும் உண்டு. பணம் பெரிதானால் தில்லுமுல்லும் வரும். 1990களில் அங்கே சில கண்காட்சிகளில் பரிசு பெற்ற பிராணிகளுக்கு, சதை திரள்வதற்காக கிளென்பியூட்டரால் என்ற தடை செய்யப்பட்ட மருந்து கொடுத்தது அம்பலமானது. அந்த மருந்தின் எச்சம் கறியில் தங்கினால், உண்பவருக்கு நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமும் வரும்.

இன்னொரு குறை மனம் சம்பந்தப்பட்டது. 2022இல் கலிபோர்னியாவில் ஒரு சிறுமி தான் வளர்த்த ‘சீடர்’ என்ற வெள்ளாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தாள். ஏலம் 902 டாலரில் முடிந்தது. கடைசி நேரத்தில் அவளுக்கு ஆட்டைப் பிரிய மனம் வரவில்லை. ஆகும் நட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றது குடும்பம். சந்தை நிர்வாகம் விதியைக் காட்டி மறுத்தது. காவலர்கள் 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஆட்டைப் பிடித்துவந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. வழக்கின் முடிவில், 2024இல் மாவட்ட நிர்வாகம் 3 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. விதி வேண்டியதுதான். ஆனால் அந்த விதி குட்டி வாங்கும் நாளிலேயே பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் ஒரு வழி இருக்க வேண்டும்.

இதை ஏன் நம் ஊர்ப் பக்கத்தில் எழுதுகிறேன்? நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் அமைப்பே அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து உருவானது. 1960இல் பந்த்நகரில் தொடங்கிய முதல் பல்கலைக்கழகமும், 1971இல் கோவையில் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்தவை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. அங்கே 1914ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கப் பணியை ஏற்படுத்தியபோது, பிள்ளைகளின் மன்றங்களும் அதில் ஓர் அங்கமாயின. நாம் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டோம், விரிவாக்கத்தை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் பகுதி மட்டும் நம்மிடம் வலுப்பெறவில்லை. விவசாயி என்றால் நாற்பது வயதுக்காரர் என்றே நம் பயிற்சிகள் நினைக்கின்றன.

ஆனால் ஆட்டை மேய்ப்பது யார்? பள்ளி விட்டு வரும் பெண்ணும் பையனும்தான். சந்தை நாளில் மட்டும் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அப்பா ஓட்டிப் போவார். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். ஆடு எத்தனை கிலோ என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. வளர்த்த பிள்ளைக்கு லாபமும் தெரியாது, நட்டமும் தெரியாது. கணக்குத் தெரியாத தொழிலில் அந்தப் பிள்ளை ஏன் நிற்க வேண்டும்?

அதனால் ஒரு யோசனை. ஜூனில் பள்ளி திறக்கும்போது 12 கிலோ குட்டி ஒன்றைப் பிள்ளையின் பெயரில் விடுங்கள். தீபாவளிக்கு முன் சுமார் 150 நாட்கள் கிடைக்கும். குட்டி 25 கிலோவுக்கு வந்தால் கூடிய எடை 13 கிலோ, நாளுக்கு ஏறக்குறைய 87 கிராம். மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தராசு இல்லையா? நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுங்கள். சுற்றளவு 28, நீளம் 25 என்றால் எடை ஏறக்குறைய 30 கிலோ. தராசு அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் கண்மதிப்பை விட நல்லது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் ஆடு வாங்கும்போது முதலில் நோட்டைக் கேளுங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகள் எப்போது போட்டது, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது என்று பாருங்கள். கறிக்கு வாங்கினால், கடைசியாகக் கொடுத்த மருந்துக்குரிய நிறுத்தக் காலம் முடிந்ததா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உயிர் எடைக்கு விலை போடுங்கள். ஒரு கணக்குக்கு, கிலோ 400 ரூபாய் என்றால் 25 கிலோவுக்கு 10,000. நோட்டு ஒழுங்காக இருந்தால் உங்களால் முடிந்த ஆயிரமோ ஐந்நூறோ மேலே கொடுங்கள். அது எதற்கு என்று பிள்ளையிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் கலந்து கொடுத்தால், ஆட்டுக்கே அந்த விலை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அடுத்த வருடம் ஏமாறும்.

விரிவாக்கப் பணியாளர்களே, இதற்குப் பெரிய மேடையும் பரிசுக் கோப்பையும் வேண்டாம். ஓர் ஊராட்சியில் பத்துப் பிள்ளைகள், ஒரு தராசு, கால்நடை மருந்தகத்தின் ஒத்துழைப்பு, ஒரு விற்பனை நாள் போதும். முதல் பரிசை எடை அதிகமான ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள். தெளிவான நோட்டுக்குக் கொடுங்கள். ஊசி போட்டு எடை ஏற்றும் ஆசை அங்கேயே அடங்கிவிடும். ஆட்டை விற்க மனமில்லாத பிள்ளை, விற்பனைக்கு ஒரு வாரம் முன்புவரை விலகிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெட்டைக் குட்டியாக இருந்தால் அது வீட்டிலேயே தாய் ஆடாகட்டும்.

பத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, ‘தீவனச் செலவு போக எனக்கு இவ்வளவு மிச்சம்’ என்று சொல்லிக் காட்டினால் போதும். அடுத்த ஆண்டு அவளே இரண்டு குட்டி கேட்பாள்.