ஒரே கூரையின் கீழ் இரண்டு நீதி

இங்கிலாந்தின் பல பட்டணங்களில் இன்று ஒருவகை வைத்திய நிலையங்கள் நடைபெற்று வருகின்றன. ஓர் அறையில் ஆஸ்டியோபதி வைத்தியர் நோயாளியின் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் நீட்டியும் திருப்பியும் சிகிச்சை செய்கிறார். அடுத்த அறையில் அக்குபங்சர் வைத்தியர் மெல்லிய ஊசிகளைத் தோலில் செருகிச் சிகிச்சை செய்கிறார். வாசற்பலகை ஒன்று; பணம் வாங்கும் மேஜையும் ஒன்று. முதுகுவலியோடு படியேறி வரும் நோயாளிக்கு இருவரும் வைத்தியரே. ஆனால் அந்நாட்டுச் சட்டம் இவ்விருவரையும் ஒன்றாக நடத்தவில்லை. இவ்வேற்றுமை நோயாளிக்குத் தெரிவதுமில்லை. இது நியாயமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆஸ்டியோபதி அமெரிக்காவில் தோன்றியது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1874-ல் அதை வெளியிட்டு, 1892-ல் மிசூரி மாகாணத்தில் பள்ளிக்கூடம் அமைத்தார். அவருடைய மாணவரான லிட்டில்ஜான் 1917-ல் லண்டனில் ஒரு கல்லூரியை நிறுவினார். இவ்வைத்தியரைப் பதிவு செய்ய 1935-ல் பிரபுக்கள் சபையின் கமிட்டியின் முன் வந்த மசோதா தோல்வியுற்றது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1993-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றியது. 2000-ம் வருஷம் முதல், பதிவேட்டில் பெயரில்லாத எவரும் அந்நாட்டில் தம்மை ஆஸ்டியோபதி வைத்தியர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். பதிவு பெற்றவர் அங்கீகாரம் பெற்ற கல்வியை முடித்திருக்கவேண்டும்; நஷ்டஈட்டுக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருக்கவேண்டும்; பிழை செய்தால் விசாரணைக்கு உட்படவேண்டும்; பெயர் நீக்கப்பட்டால் பலகையை இறக்கவேண்டும்.

அடுத்த அறையின் நிலை என்ன? அக்குபங்சர் வைத்தியர் என்ற பெயருக்கு இத்தகைய பாதுகாப்பு ஏதுமில்லை. 1982-ம் வருஷத்துச் சட்டமொன்றின்கீழ் ஸ்தல ஸ்தாபனங்கள் ஊசி போடும் இடத்தைப் பதிவு செய்கின்றன. அதே சட்டத்தில், அதே வரிசையில், பச்சை குத்துவோரும் காது குத்துவோரும் வைக்கப்பட்டிருக்கின்றனர். வேல்ஸ் தேசம் 2024 நவம்பரில் லைசென்சு முறையைக் கட்டாயமாக்கிற்று. அங்கும் பச்சை குத்துவோரே துணை. ஊசி சுத்தமானதா என்று விசாரிப்பது நல்லதுதான். ஆனால் மார்பில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் துளைபடக்கூடும். அபூர்வமாயினும் இவ்விபத்து நேர்ந்திருக்கிறது. ஊசியைப் பிடித்த கைக்கு உடற்கூறு தெரியுமா என்றல்லவோ முதலில் கேட்கவேண்டும்?

இது யாரும் எடுத்துச் சொல்லாத குறையன்று. 2000-ல் பிரபுக்கள் சபையின் விஞ்ஞானக் கமிட்டி, அக்குபங்சர் வைத்தியரையும் மூலிகை வைத்தியரையும் சட்டப்படி பதிவு செய்யவேண்டுமென்று சிபாரிசு செய்தது. 2011-ல் சர்க்கார் மூலிகை வைத்தியருக்கு மட்டும் வாக்குக் கொடுத்து அக்குபங்சரை விலக்கினர். கொடுத்த வாக்கையும் நிறைவேற்றவில்லை. அக்குபங்சர் வைத்தியரில் ஒரு பகுதியார் தாமாகவே சங்கம் அமைத்து, கல்விக்கும் ஒழுங்குக்கும் விதி வகுத்துக்கொண்டிருக்கின்றனர். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் சங்கம் தள்ளிவைத்தவர் மறுநாளே அதே தொழிலை அதே பெயரால் நடத்தலாம். தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை.

பதிவு செய்தால் நிரூபணமாகாத வைத்தியத்துக்குச் சர்க்கார் முத்திரை குத்தியதாகாதோ என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இவ்வாட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. முறைப்படி ஊசி போட்டவரில் 100-க்கு 47 பேருக்குக் குணம் கண்டது. விதிப்படி அல்லாத இடங்களில் மேலாக ஊசி போட்டவரில் 44 பேருக்குக் கண்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவரில் 27 பேருக்கே கண்டது. ஊசியால் நன்மை என்பாரும், இடம் எதுவானாலும் ஒன்றே என்பாரும் இதையே சாட்சியாகக் காட்டலாம். இங்கிலாந்தின் சிகிச்சைத் தர ஸ்தாபனம் 2009-ல் முதுகுவலிக்கு அக்குபங்சரைச் சிபாரிசு செய்து, 2016-ல் வேண்டாமென்றது. 2021-ல் வேறுவகை நாட்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாமென்றது. ஆஸ்டியோபதியின் கைச்சிகிச்சையையும் தேகாப்பியாசத்தோடு சேர்த்தே செய்யவேண்டுமென்று 2016-ல் வரையறுத்தது.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? பலனைப் பற்றிய தீர்ப்பு விஞ்ஞானத்தினுடையது; அது மாறும், மாறவும் வேண்டும். ஒழுக்கத்தைப் பற்றிய பொறுப்பு சட்டத்தினுடையது; அது விஞ்ஞானத்தின் கடைசி வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆஸ்டியோபதியின் கோட்பாடுகள் யாவும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரா 1993-ல் சட்டம் செய்தார்கள்? அன்று. ஜனங்கள் அவ்வைத்தியரை நாடிச் செல்வதால், செல்லும் ஜனங்களைக் காக்கவே செய்தார்கள். அந்த நியாயம் பக்கத்து அறைக்கு மாத்திரம் பொருந்தாமற் போவதேன்?

நம் தேசத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1938-ல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய வைத்தியத் தூதுகோஷ்டியில் ஒருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, பிற்காலத்தில் மீண்டும் அங்குச் சென்று அக்குபங்சரைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். மேற்கு வங்காளம் 1996-ல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றிற்று. நமக்குச் சட்டம் கற்பித்ததாகப் பெருமை பேசிய நாடு இவ்விஷயத்தில் வங்காளத்துக்குப் பின்னே நிற்கிறது.

செய்யவேண்டுவது அரிதன்று. அக்குபங்சர் வைத்தியர் என்ற பெயரைச் சட்டம் காக்கவேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும், எந்த வைத்தியர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்பது வாசலிலேயே எழுதப்படவேண்டும். எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரமுண்டு என்பதைப் பணம் வாங்குமுன் இருவரும் நோயாளிக்குச் சொல்லவேண்டும். யோக்கியமான வைத்தியர் எவரும் இவற்றுக்கு அஞ்சார். தன் உடலைப் பிறர் கையில் ஒப்புவிப்பவன், அக்கை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று அறிய உரிமையுடையவன். அவ்வுரிமை எந்த அறையின் கதவைத் தட்டினாலும் அவனுக்குக் கிடைக்கவேண்டும்.