முன்பே இருந்தவர்

சேசு சபைக் குருவான இராபர்ட் தெ நொபிலி 1606 ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தபோது, அங்கே அவருக்கு முன்பே ஒரு குருவானவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பது அவர் பெயர், முன்னாளில் போர்வீரர். மதுரையில் தங்கியிருந்த முத்துக்குளித்துறைப் பரதவக் கிறிஸ்தவர்களைப் பேணியவர் அவரே. பத்தாண்டுக்கு மேல் உழைத்தும் புதிதாக எவரையும் மனந்திருப்பவில்லை என்று நூல்கள் அவரை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி நமக்கு உறுத்துகிறது.

நொபிலி காவியுடுத்தி, புலால் நீக்கி, தனி இல்லம் அமைத்துத் தத்துவ போதகர் ஆனார். தாம் பரங்கி அல்லர் என்றார். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அதே ஊரில் பரங்கியாகவே வாழ்ந்த மூத்தவர் செவியில் அச்சொல் எப்படி விழுந்திருக்கும்? 1610 இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் பற்றிய வாதம் கோவாவுக்கும் உரோமைக்கும் சென்றது. 1623 இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். பூணூல் வழக்கு தீர்ந்தது. மூத்தவர் மனத்தின் வழக்கோ உரோமைக்கு அனுப்பக் கூடியதன்று.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையேறினால், குருவானவர் நாள்தோறும் செல்ல இயலாத சிற்றூர்கள் பல. இத்தகைய ஊர்களில் செபம் நடத்துபவரும், நோயாளியின் வீட்டை அறிந்தவரும் உபதேசியாரே. நாம் மாற்றலில் வருகிறோம், மாற்றலில் போகிறோம், அவர் இருக்கிறார். வந்த வாரமே கோவில் சாவியைக் கேட்கிறோம், பாடற்குழுவை மாற்றுகிறோம், திருவிழா வரிக் கணக்கைத் துருவுகிறோம். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் இதுவரை அவர் செய்ததெல்லாம் வீண் என்றே அவருக்குக் கேட்கிறது. பிறகு, "உபதேசியார் ஒத்துழைப்பதில்லை" என்று ஆயரகத்தில் குறைப்படுகிறோம்!

திருவிழா முடிவில், "ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்கிறோமே, அது எவரையும் சேராத நன்றி. புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 16 ஆம் அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பலருக்கு அவரவர் பட்ட பாட்டையும் குறிக்கிறார். நம்மோடு முரண்படும் உபதேசியாரையும் அவ்வாறே பெயர் சொல்லி, நாம் வருமுன் அவர் செய்ததைச் சொல்லிப் பீடத்தருகே நின்று பாராட்டலாம். அதற்காகக் கணக்கைக் கேளாது விடவேண்டும் என்பதில்லை. கணக்கு கேட்டே ஆகவேண்டும். கோவில் முற்றத்தில் நாலுபேர் நடுவே அன்று, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் தரும் காப்பியைக் குடித்தபின்.