வெயில் கடிகாரம் பார்த்து வருவதில்லை

துபாயில் இரண்டே பருவங்கள்தான். ஒன்று வெயில் காலம், இன்னொன்று கடும் வெயில் காலம். அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஜோக் இது. மகள் வீட்டுக்குப் பத்து வருடமாகப் போய்வருகிறேன். ஜனவரியிலும் இருந்திருக்கிறேன், ஆகஸ்டிலும் இருந்திருக்கிறேன். இந்த ஜோக்கை நான் ஏற்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை அது வேறு ஊர். ஜனவரி இரவில் 14, 15 டிகிரிக்கு இறங்கிவிடும். விடியற்காலை மூடுபனியில் சில நாள் எதிரே வரும் வண்டி தெரியாது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாக்கிங் போனேன் என்றால் இங்கே முத்தியால்பேட்டையில் ஒருவரும் நம்புவதில்லை. மழை வருடத்துக்குச் சில நாள்தான், வந்தால் விவகாரம். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 75 வருடப் பதிவுகளில் அதுவே அதிகம் என்றார்கள். துபாய் விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். (இன்னொன்று: அந்த நாட்டின் தேசிய மரம் ‘காஃப்’ என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் சுற்றிவரும் வன்னி மரமேதான்.)

கோடை வந்துவிட்டதை மகள் வீட்டில் குளியலறைதான் முதலில் சொல்லும். மொட்டை மாடித் தொட்டி காய்ந்து, சாதாரணக் குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். உடனே கீசரை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் ஏ.சி. குளிர்ச்சியில் தொங்கும் அந்த கீசரில் தேங்கிய தண்ணீர்தான் ஆறியிருக்கும். ஆக, கோடையில் குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இது இயல்பு. எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பிடிக்கும்.

அரபிகள் பருவத்தை வானத்தைப் பார்த்துக் கணக்கிட்டவர்கள். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கு அடிவானத்தில் ‘சுஹைல்’ என்ற விண்மீன் தலைகாட்டும். அன்றிலிருந்து கடுங்கோடை தளரத் தொடங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. அங்கிருந்து பத்துப் பத்து நாளாகப் பிரித்து வருடத்தையே எண்ணினார்கள். அந்த சுஹைல்தான் நம் அகத்திய நட்சத்திரம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கடும் வெப்ப அலைக்கு ‘கனிகுல்’ என்று பெயர். நாய் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து, சிரியஸ் என்ற நாய் விண்மீனை வைத்து வந்தது. அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் வெயிலைக் கொண்டுவந்தது. அரபிகளுக்கு ஒரு நட்சத்திரம் வெயிலைக் கொண்டுபோனது.

ஆனால் கோடை அங்கே என்றைக்குமே எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. ஏ.சி. வருவதற்கு முன், முடிந்தவர்கள் கடற்கரையை விட்டு அல் ஐன், லிவா, ராஸ் அல் கைமா பேரீச்சந்தோப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே மாதங்களில்தான் மற்ற ஆண்கள் முத்துக்குளிக்கப் படகேறினார்கள். இன்று நாங்கள் வீட்டு ஏ.சி.யிலிருந்து கார் ஏ.சி.க்கும், அங்கிருந்து மால் ஏ.சி.க்கும் போகிறோம். பஸ் நிறுத்தத்துக்குக்கூட ஏ.சி. போட்டிருக்கிறார்கள். சாரத்தின் மேல் நிற்பவனுக்குத்தான் அந்த ஊரின் பருவம் முழுதாகத் தெரியும்.

அவனுக்காக ஒரு சட்டம் இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹாம், மொத்தம் 50,000 வரை அபராதம். தார் போடுவது, கான்கிரீட் கொட்டுவது போன்ற பாதியில் நிறுத்த முடியாத வேலைகளுக்கு விலக்கு உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. நம் புதுச்சேரியில் கத்திரி வெயிலில் நடுப்பகலில் தார் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே போகிற நமக்குக் குறை சொல்லும் தகுதியும் குறைவு. ஆனாலும் அந்தச் சட்டம் போதாது என்பது என் கருத்து.

ஒரு செப்டம்பர் மாலை, பஸ் நிறுத்தத்தில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். சாரம் கட்டும் வேலை. “வெயில் அதிகமோ தம்பி?” என்றேன். “ஜூன் வெயிலைச் சமாளிச்சிடலாங்கய்யா. காத்து காய்ஞ்சு வரும், வேர்க்கும், காயும். ஆகஸ்ட் பொறந்தா வேர்வை காயவே காயாது. சட்டையைப் பிழிஞ்சு திரும்பப் போட்டுக்குவோம்” என்றார். அப்போது மணி ஏழு. சூரியன் மறைந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது என் மூக்குக்கண்ணாடி பூத்துப்போனது.

அவர் சொன்னதுதான் விஷயம். வேர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆகஸ்டில் வளைகுடாக் கடல் நீரே 32 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, காற்று முழுக்க ஈரத்தை ஏற்றிவிடுகிறது. 38 டிகிரியில் ஈரத்தோடு வேலை செய்வது, 44 டிகிரி உலர் வெயிலைவிட மோசமாக இருக்கலாம். சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. உடம்பு கடிகாரம் பார்ப்பதில்லை.

பக்கத்து கத்தார் 2021இல் இதைச் சரிசெய்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. அதோடு இன்னொரு விதி. ஈரத் திரி சுற்றிய வெப்பமானி, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி மூன்றையும் 70, 20, 10 விழுக்காடு என்று சேர்த்து ஓர் அளவு எடுக்கிறார்கள். ஈரத்துக்குத்தான் பெரும்பங்கு. அந்த அளவு 32.1ஐத் தாண்டினால் மணி எத்தனையானாலும் வேலை நிற்க வேண்டும். 2003 வெப்ப அலையில் சுமார் 15,000 பேரைப் பறிகொடுத்த பிரான்ஸ்கூட, 2025 ஜூலை 1 முதல்தான் வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையோடு முதலாளியின் கடமைகளை இணைத்திருக்கிறது. அங்கும் வேலையை நிறுத்த ஒரு டிகிரி எண் கிடையாது.

நான் காலமெல்லாம் கோப்பு தள்ளிய குமாஸ்தா. ஆணையில் தேதியும் மணியும் போட்டால் கையெழுத்திடுபவருக்கும் நிம்மதி, சோதிக்கப் போகும் இன்ஸ்பெக்டருக்கும் நிம்மதி. கையில் வாட்ச் இருந்தால் போதும். கருவி என்று வந்தால் அது பழுதாகும், எங்கே வைப்பது என்று தகராறு வரும், பதிவேட்டில் வேண்டிய எண்ணை எழுதுவார்கள். இந்தக் கஷ்டமெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் தேதியும் மணியும் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் கருவியும் இருக்கட்டும் என்கிறேன். ஏதோ ஒரு கோபுரத்தின் கண்ணாடியை 24 மணி நேரமும் ஒரே டிகிரியில் வைத்திருக்கத் தெரிந்த ஊருக்கு, அதன் வாசலில் மூன்று வெப்பமானி மாட்டுவது பெரிய செலவா?

செப்டம்பர் 16 அன்று பகல் ஒரு மணிக்கு மகள் வீட்டு பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. கம்பிப் பிடியைத் தொட முடியவில்லை. முந்தைய நாள் இருந்த அதே காற்று.