கனிம ராயல்டி வரியா? 35 ஆண்டு குழப்பத்தை நீக்கிய தீர்ப்பு

சுரங்கக் குத்தகைதாரர்கள் கனிமங்களுக்காகச் செலுத்தும் ‘ராயல்டி’ வரியாகுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் தெளிவான விடை காண 35 ஆண்டுகள் ஆயின. ஒடிஸா, ஜார்க்கண்ட் போன்ற கனிம வளம் மிக்க மாநிலங்களின் வருவாய் அந்த ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்திருந்தது.

இந்தச் சர்ச்சை தமிழகத்தில் தொடங்கியது. ராயல்டி மீது தமிழக அரசு விதித்த ‘செஸ்’ வரியை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989-இல் 7 நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரிதான் என்றும், அதன் மீது செஸ் விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தது.

மேற்கு வங்கம் தொடர்பான வழக்கில் 2004-இல் 5 நீதிபதிகள் அமர்வு வேறு விளக்கம் அளித்தது. ‘ராயல்டி மீதான செஸ் வரியாகும்’ என்று இருக்க வேண்டிய வாசகம், தட்டச்சுப் பிழையாலோ கவனக்குறைவாலோ ‘ராயல்டி வரியாகும்’ என்று 1989 தீர்ப்பில் இடம்பெற்றுவிட்டதாக அந்த அமர்வு கூறியது. ஆனால், பெரிய அமர்வின் தீர்ப்பைச் சிறிய அமர்வு மாற்ற முடியாது என்பதால் முரண்பாடு நீடித்தது. 2011-இல் இந்த விவகாரம் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

2024 ஜூலை 25-இல் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ராயல்டி வரியல்ல என 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வரி என்பது அரசு தனது இறையாண்மை அதிகாரத்தால் விதிப்பது. ராயல்டியோ, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகை ஒப்பந்தப்படி நில உரிமையாளருக்குச் செலுத்தப்படும் தொகை என்பதே இதன் அடிப்படை. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி பி.வி. நாகரத்னா, ராயல்டி வரியின் தன்மை கொண்டதே என்றும், வருவாய்க்காக மாநிலங்கள் போட்டியிட்டால் கனிம வளர்ச்சி சீர்குலையும் என்றும் எச்சரித்தார்.

2005 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய நிலுவை வரியை, 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுகளில் தவணைகளாக மாநிலங்கள் வசூலிக்கலாம் என 2024 ஆகஸ்ட் 14-இல் நீதிமன்றம் அனுமதித்தது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, கனிம வள நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தைத் தமிழகம் இயற்றியது.

எனினும், மாநிலங்களின் அதிகாரம் வரம்பற்றதல்ல. கனிம உரிமைகள் மீதான வரிக்கு நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் கட்டுப்பாடு விதிக்க அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. சொல்லின் பொருளை நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. மாநிலங்களின் வருவாய் எந்த அளவுக்கு நிலைக்கும் என்பது இனி நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.