கண்ணில் படாவிட்டால் கணக்கில் இல்லையா?

ஜப்பான் முழுவதிலும் வீடற்றவர்கள் 2,820 பேர்தானாம். 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கு. 2003இல் 25,296 பேர் இருந்தார்கள், எப்படிக் குறைத்துவிட்டார்கள் பாருங்கள் என்று மெச்சுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

உள்ளாட்சி ஊழியர்கள் பூங்கா, ஆற்றங்கரை, தெரு, ரயில் நிலையம் என்று சுற்றிவந்து கண்ணில் படுகிறவர்களை எண்ணுகிறார்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய இடங்களில் வாழ்பவர்தான் வீடற்றவர். இன்டர்நெட் கஃபேயில் படுத்து எழுபவர் அதில் வரமாட்டார். டோக்கியோ மாநகர நிர்வாகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வீடில்லாமல் அப்படி இரவு தங்குபவர்கள் அந்த நகரில் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் என்றது. அதே ஆண்டு நாடு முழுமைக்கும் அரசு காட்டிய கணக்கு 4,977! நலத்திட்டங்களால்தான் எண்ணிக்கை குறைந்தது என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

யூ மிரி 2014இல் எழுதிய டோக்கியோ உயெனோ ரயில் நிலைய நாவல் இதைவிட நேர்மையான கணக்கு. ஆங்கிலத்தில் வந்து 2020இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. ஃபுகுஷிமாவிலிருந்து வந்து 1964 ஒலிம்பிக்குக்காக மண் சுமந்த கதைநாயகர் கஸு, முன்னாள் பேரரசர் அகிஹிதோ பிறந்த 1933இல் பிறந்தவர். கஸுவின் மகனும் இன்றைய பேரரசர் நருஹிதோவும் பிறந்தது 1960இல் ஒரே நாளில். அந்த மகன் 21 வயதில் இறந்துபோகிறான். பிறகு கஸுவின் மனைவியும் போய்விடுகிறார். கஸுவுக்கு ஊரில் வீடு இருக்கிறது, உடனிருந்து கவனித்துக்கொள்ளப் பேத்தி இருக்கிறாள். அவளுக்குப் பாரமாகக் கூடாது என்று, தேட வேண்டாமென எழுதிவைத்துவிட்டுக் கிளம்பி உயெனோ பூங்காவில் தங்கிவிடுகிறார். வீடு இருந்தும் வீடற்றுப்போன இவரை எந்தப் படிவத்தில் எழுதுவது? ஒரு கிழவரின் துயரத்தை வைத்துக் கொள்கை வகுக்க முடியுமா என்று கேட்பவர்கள் நாவலைப் படிக்கவில்லை.

அரச குடும்பத்தினர் வரும் நாள்களில் உயெனோ பூங்காவிலிருந்து கூடாரங்களை அகற்றுவார்கள். அங்கே கிடப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘யாமகாரி’, மலை வேட்டை. மனிதர்களைக் கண்மறைவாக்கும் வேலை அது. அப்புறம் கண்ணால் எண்ணுவதாம்!

நாவல் வந்த ஐந்தாம் ஆண்டு, 2019 அக்டோபரில், ஹகிபிஸ் புயல் டோக்கியோவைத் தாக்கியது. உயெனோ அடங்கிய தைத்தோ வட்டாரத்தில் புயல் முகாமுக்கு வந்த வீடற்றவர்களை, முகவரி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வட்டாரத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஜனவரிக் கணக்கெடுப்பை ஜப்பான் அடியோடு கைவிட வேண்டும். முகவரி கேட்காமல் கதவைத் திறக்கும் முகாம்களை நடத்தட்டும். எத்தனை பேர் என்பது அந்த வாசலில் தெரிந்துவிடும்.