ஐந்தாம் பங்கு

பீளமேட்டின் பழைய ஊர்த் தெருக்களில் ஓட்டு வீடொன்று விலைக்கு வருமானால், அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்ட் கணக்கோடு முடிந்துவிடுகிறது. எந்தத் திசை பார்த்த மனை, அவிநாசி சாலைக்கு எவ்வளவு தொலைவு என்பவையே கேள்விகள். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையிலான மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னர் இந்தக் கேள்விகளுக்கு வேகம் கூடியிருக்கிறது. மனைமீது நிற்கும் வீட்டுக்கு மட்டும் விலை கிடையாது. தேக்கு உத்தரமும் மங்களூர் ஓடும் இடிப்புக் கணக்கில் கழிந்துவிடும். இத்தகைய சூழலில், இரு குடும்பங்கள் தனித்தனியே வாழுமாறு செப்பனிட்ட பழைய வீட்டை வீடாகவே விற்க முன்வருவோர் நம் பாராட்டுக்குரியவர்கள்.

இரு குடும்ப வீடு நமக்குப் புதிதன்று. திண்ணை, ஆசாரம், தொட்டிக்கட்டு, பொடக்காளி என விரியும் கொங்குநாட்டு வீட்டில், அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததும் ஆசாரத்தின் நடுவே சுவர் எழும்பும். அடுப்பு இரண்டாகும், வாசல் இரண்டாகும், கிணறு மட்டும் பொதுவில் நிற்கும். பகையும் உறவும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்த ஏற்பாடு அது. அதன் இருண்ட பக்கத்தை ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' நாவலில் எழுதிவிட்டார். கணவனை இழந்தவள் பங்கு கேட்கிறாள். கதை கொழுந்தன் கொலையுண்பதில் முடிகிறது. ஆகவே, பழைய வீடென்றாலே ஒற்றுமையின் கோயில் என்று உருகுவதில் நமக்கு உடன்பாடில்லை.

விற்பதையும் நாம் குறை கூறவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழகம் 1989இலும், நடுவணரசு 2005இலும் சட்டம் திருத்தின. ஆறு பேருக்குப் பங்குள்ள வீட்டை ஆறாக வெட்ட முடியாது. பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க நீதிமன்றத்துக்கு வழிவகை செய்திருப்பது 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. குடியிருப்பு வீட்டின் ஒரு பங்கை வாங்கிய அயலார் பிரிவினை கோரி வழக்காடினால், அப்பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள குடும்பத்தார் முன்வரலாம். வீடு என்பது வெறும் மனையன்று என்பதைச் சட்டம் அறிந்தே இருந்தது. ஆனால் அது குடும்பத்தை அயலாரிடமிருந்துதான் காக்கிறது. குடும்பத்தாரிடமிருந்து வீட்டைக் காக்க அதில் வழியில்லை. விற்ற பணத்தால் சகோதரிக்கு உரியது சேர்கிறதென்றால் அது நியாயமே. அந்த நியாயத்துக்காக வீட்டை இடித்தே ஆகவேண்டும் என்பதைத்தான் நாம் மறுக்கிறோம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பழுப்பு மணற்கல் முகப்புடைய வரிசை வீடுகள் பல உண்டு. அவற்றில் இரு குடும்ப வீட்டை வாங்குவோர் ஒரு பகுதியில் குடியிருந்து, மறுபகுதியின் வாடகையைக் கடனுக்குக் கட்டுவது அங்கே வழக்கம். 1965இல் அந்நகரம் மரபுக் கட்டடங்களுக்கெனச் சட்டம் இயற்றி, புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியை முதல் மரபுவட்டாரமாக அறிவித்தது. வீடுகள் தப்பின, விலையோ எளியோர்க்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. முகப்பைக் காத்தால் மட்டும் போதாது, வாழ்வோரையும் எண்ண வேண்டும் என்பதே அதில் நமக்குள்ள பாடம். வாடகைக்கு விடத்தக்க இரண்டாம் பகுதியைக் கெடாமல் வைத்திருப்பது, நடுத்தரக் குடும்பமும் அத்தகைய வீட்டை வாங்குவதற்கான ஒரு வழி.

பீளமேட்டுக்குப் பாகப்பிரிவினை குறித்து அயலூரார் சொல்லித்தர வேண்டியதில்லை. 1926இல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கென ஒதுக்கினார்கள். இன்று ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லூரிகளும் மருத்துவமனையும் அப்பங்கின் வழிவந்தவை. பங்காளிகள் அல்லாதோர்க்கும் ஒரு பாகம் உண்டென்ற அந்த எண்ணம் பெருஞ்செல்வர்க்கு மட்டுமே உரியதன்று.

நாம் வேண்டுவது சிறிது. விற்போர், இடிப்பவரிடம் விலை கேட்குமுன் வீட்டை வீடாக வாங்குவார் உண்டா என்று ஆறு மாதமேனும் பார்க்கட்டும். வாங்குவோர் திண்ணையை இரும்புக் கம்பியால் அடைக்காமலும், கிணற்றைத் தூர்க்காமலும், சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே சிறைவைக்காமலும் இருக்கட்டும். மரபு ஆணையத்துக்கெனத் தமிழக அரசு 2012இல் சட்டம் இயற்றியது. கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் அப்பால், இப்படிப்பட்ட தெருக்களையும் அந்த ஆணையம் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்கெடுக்க இன்னும் சில வீடுகளாவது நிற்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.